முயலுக்குப் பின்னங்கால் உடைஞ்சிருச்சு, இன்னைக்கு ராத்திரி என்ன செய்யறது?

காவிரிக்கரை (ஈரோடு மாவட்டம்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. அவசரமா எழுதறேன். எங்க வீட்டு முயல் பேரு பொரி. ஆண், 5 மாசம், ஒன்றரைக் கிலோவுக்கு மேல இருக்கும். சாயங்காலம் பக்கத்துல சரவெடி போட்டாங்க. பயந்து கூண்டுக்குள்ள தாறுமாறா குதிச்சதுல வலது பின்னங்கால் அடிக்கம்பி இடுக்குல மாட்டிக்கிச்சு. ஓடிப்போய் எடுக்கறதுக்குள்ள உதறி இழுத்துருச்சுங்க.

இப்போ அந்தக் காலை ஊனவே மாட்டேங்குது. முட்டிக்குக் கீழ துவண்டு தொங்குது. ரத்தம் இல்லை, எலும்பு வெளியே தெரியலை. மூலையில குறுகி உக்காந்து பல்லை நறநறன்னு கடிக்குது, சத்தம் எனக்கே கேக்குது. காது பின்னால ஒட்டிக்கிடக்கு. பிடிச்ச கொத்தமல்லித் தழையை நீட்டினேன், மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிச்சு.

தீபாவளிங்கறதால எந்த டாக்டரும் போன் எடுக்கலை. அம்மா மஞ்சள் பத்துப் போடச் சொல்றாங்க. பக்கத்து வீட்டு அண்ணன் குச்சி வச்சுக் கட்டலாம்ங்கறார். குழந்தைக்குக் குடுக்கற காய்ச்சல் சொட்டு மருந்து வீட்ல இருக்கு, வலிக்கு அதைக் குடுக்கலாமா? காலையில நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டு போகலாம்னு இருக்கேன். அதுவரைக்கும் என்ன செய்யறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

—

முயலம்மா (சேலம்) எழுதியது:

தம்பி, காலுக்கு இந்த ராத்திரி நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். பத்து வேண்டாம், குச்சி வேண்டாம், சொட்டு மருந்தும் வேண்டாம். மூடின காயம், ரத்தம் இல்லைங்கறீங்க. அந்தக் கால் விடியற வரைக்கும் காத்திருக்கும். வயிறு காத்திருக்காது. கால் உடைஞ்ச முயல் சாகறது பெரும்பாலும் காலால இல்லை, வலியிலயும் பயத்துலயும் சாப்பிடாம குடல் நின்னு போய்த்தான். எட்டு வருஷத்துக்கு மேல முயல் வளர்க்கறேன், என்கிட்ட இப்போ மூணு காலோட ஒண்ணு ஓடிட்டிருக்கு, அதனால தைரியமா சொல்றேன்.

அட்டைப்பெட்டி ஒண்ணு எடுங்க. பொரி உடம்பைத் திருப்பிப் படுக்க இடம் இருந்தாப் போதும். பெருசா இருந்தா நகரப் பார்க்கும். அடியில கனமான துண்டை மடிச்சுப் போடுங்க, நூல் பிரிஞ்ச துண்டு வேண்டாம், நகம் மாட்டும். பெட்டியை வெடிச் சத்தத்துக்குத் தள்ளி, உள்ளறையில, பாதி மூடி இருட்டாக்கி வையுங்க. ஜன்னலைச் சாத்துங்க. பாக்க வர்ற குழந்தைகளைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்க.

தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில, ஒரு கை பிட்டத்துக்கு அடியில, உங்க வயித்தோட அணைச்சு. காதைப் பிடிச்சுத் தூக்கறதை சந்தையில பார்த்திருப்பீங்க, அது எந்த முயலுக்கும் கூடாது, இந்த நிலைமையில கண்டிப்பாக் கூடாது. முயலோட எலும்புக்கூடு உடம்பு எடையில 8 சதவீதம்தான். பூனைக்கு 12, 13 இருக்கும். எலும்பு அவ்வளவு மெல்லிசு, ஆனா தொடைச் சதைக்கு அசாத்திய பலம். பிடிமானம் இல்லாம காத்துல ஒரு உதை விட்டா அதோட முதுகெலும்பு அதுவே முறிஞ்சிரும்.

தண்ணியைக் கிண்ணத்துல வையுங்க, பாட்டில் குழாயை எட்டிக் குடிக்க இப்போ முடியாது. கொத்தமல்லி, புதினா, அருகம்புல், முருங்கை இலை எது இருக்கோ கொஞ்சம் கொஞ்சமா வாய்க்குப் பக்கத்துலயே போடுங்க. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாருங்க. புழுக்கை போடுதா, சாப்பிட்டிருக்கா, இது ரெண்டையும் நேரத்தோட எழுதி வச்சுக்குங்க. டாக்டர் முதல்ல இதைத்தான் கேப்பார்.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க: ரெண்டு பின்னங்காலையும் இழுத்துக்கிட்டுப் போகுதா, ஒண்ணு மட்டுமா? மூத்திரம் போச்சா?

—

காவிரிக்கரை எழுதியது:

ரொம்ப நன்றிங்க அக்கா. வலது கால் மட்டும்தான். இடது காலை நல்லா ஊனுது. துண்டு நனைஞ்சிருக்கு, மூத்திரம் போயிருக்கு. பெட்டியில வச்சாச்சு. பல் கடிக்கறது கொஞ்சம் குறைஞ்சிருக்கு. இன்னும் எதையும் வாயில வைக்கலை.

—

கால்நடைக் கல்லூரி மாணவி எழுதியது:

ஒரு கால் மட்டும், மூத்திரமும் போகிறது என்றால் முதுகெலும்பு தப்பித்திருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரேதான் உறுதி சொல்லும். நீங்களாக அழுத்தியோ இழுத்தோ சோதிக்க வேண்டாம். மூடிய முறிவில் கூரான எலும்பு முனை உள்ளே இருக்கும். திருகினால் அது தோலைக் கிழித்து வெளியே வரும், பிறகு மருத்துவமே மாறிவிடும்.

வலி மருந்து பற்றி: வீட்டில் இருக்கும் மனித மருந்து எதையும் கொடுக்காதீர்கள். குறிப்பாக ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக். இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதோடு, நீங்கள் ஒன்றைக் கொடுத்துவிட்டால் காலையில் மருத்துவர் சரியான மருந்தைக் கொடுக்கக் கை கட்டிப் போய்விடும். முயலுக்கு வழக்கமாக எழுதுவது மெலாக்சிகம். அளவை இங்கே போட மாட்டேன், எடை பார்த்து, நீர்ச்சத்து பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நாய்க்கான கணக்கில் கொடுத்தால் முயலுக்கு வலி அடங்காது, அதற்குக் கூடுதலாகத் தேவைப்படும். வலி குறையவில்லை என்றால் தயங்காமல் திரும்பக் கேளுங்கள்.

இன்னொன்று. யாராவது "வெறும் வயிற்றோடு கொண்டு வாருங்கள்" என்று சொன்னால் கேட்காதீர்கள். நாய், பூனைக்கு மயக்க மருந்துக்கு முன் பட்டினி போடுவது வாந்தி எடுத்து நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. பட்டினி போட்டால் குடல் நிற்பதுதான் மிச்சம்.

—

பாலாற்றங்கரை எழுதியது:

நண்பரே, எங்க பக்கம் ஆட்டுக்கும் கன்னுக்குட்டிக்கும் புத்தூர் கட்டுக்காரர்தான். முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தம்மாவும் தடவி மூங்கில் பத்தை வச்சுக் கட்டுவார். எத்தனையோ ஆடு நடந்திருக்கு. கல்லூரிக்கு அலையாம உள்ளூர்லயே பார்க்கலாமே?

—

முயலம்மா எழுதியது:

பாலாற்றங்கரை சார், ஆட்டுக்கால் விஷயத்துல உங்க அனுபவத்தை நான் மறுக்கலை. ஆட்டுக்கால் நேரா இருக்கும், ரோமம் குறைவு, கட்டுன கட்டு நிக்கும். முயலோட பின்னங்காலைப் பாருங்க, இடுப்பு அகலம், தொடை தடிப்பு, கீழ வரவரக் குறுகல். உக்காரும்போது காலே மூணா மடியும். எந்தக் கட்டும் கீழ நழுவத்தான் செய்யும். நழுவாம இருக்கட்டும்னு இறுக்கினா ரத்த ஓட்டம் நின்னு பாதம் கறுத்துரும். முட்டையும் மாவும் அடர்ந்த ரோமத்துல காஞ்சு ஒட்டினா உள்ள தோல் வெந்து போகும், மழைக்காலத்துல ஈ வேற மொய்க்கும். போதாததுக்கு முயல் அதைக் கடிச்சுத் தின்னும்.

இதுல இன்னொரு கணக்கும் இருக்கு. உடைஞ்ச இடத்துக்கு மேல இருக்கற மூட்டு, கீழ இருக்கற மூட்டு ரெண்டும் அசையாம இருந்தாத்தான் எலும்பு கூடும். தொடை எலும்பு உடைஞ்சிருந்தா மேல் மூட்டு இடுப்புக்குள்ள இருக்கு, எந்தக் கட்டாலயும் அதை நிறுத்த முடியாது. எங்க உடைஞ்சிருக்குன்னு படம் எடுத்துப் பார்க்காம கட்டறது குருட்டு வேலை.

—

தோட்டத்துக்காரர் (கொடைக்கானல் மலை) எழுதியது:

நான் முயல் பண்ணை வச்சிருக்கேன். மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்துல எடுத்த வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இன முயல்கள்தான் என் இருப்பு. உள்ளதைச் சொல்றேன், பண்ணையில கால் உடைஞ்ச முயலை நாங்க வச்சுப் பார்க்கறதில்லை, தொழில் அப்படி. நீங்க வீட்டுப் பிள்ளையா வளர்க்கறீங்க, அது வேற. அதனால எனக்குத் தெரிஞ்ச தீவன விஷயத்தைச் சொல்றேன்.

அடிபட்ட முயல் முதல்ல வாய் வைக்கறது வாசனையான தழையில. வேலிமசால், முயல்மசால், மல்பெரி இலை, கல்யாண முருங்கை இலை, இதுல ஏதாவது உங்க பக்கம் கட்டாயம் கிடைக்கும். பட்டுப்பூச்சி வளர்க்கறவங்க யாராவது இருந்தா மல்பெரிக் கொப்பு நாலு கேட்டு வாங்குங்க, மருந்து அடிக்காத கொப்பான்னு கேட்டுக்குங்க. குதிரைமசால் குட்டி வயசுக்கு ஆகும், பெரிய முயலுக்கு அளவோட. கோஸ் இலை இப்போ வேண்டவே வேண்டாம், படுத்தே கிடக்கற முயலுக்கு வயிறு உப்பும்.

மழை ஈரத்தோட அறுத்த புல்லை அப்படியே போடாதீங்க. நிழல்ல பரப்பி வாட விட்டுப் போடுங்க. அறுத்துக் குவிச்சு வச்ச புல் உள்ள சூடு ஏறியிருக்கும், கையை விட்டுப் பாருங்க, சூடா இருந்தா மாட்டுக்குப் போடுங்க, முயலுக்கு வேண்டாம். கடலைக்கொடி காஞ்சது நல்ல தீவனம்தான், ஆனா இந்த மாசத்துல பூசணம் பிடிச்சிருக்கும், மோந்து பார்க்காம போடக்கூடாது. வைக்கோல்ல சத்து கிடையாது, அதைப் படுக்கைக்கு வச்சுக்குங்க.

—

காவிரிக்கரை எழுதியது:

காலையில எல்லாருக்கும் நல்ல சேதி. விடியக்கால ரெண்டு தண்டு கொத்தமல்லியும் கொஞ்சம் அருகம்புல்லும் தின்னுச்சு. புழுக்கை போட்டிருக்கு, வழக்கத்தை விடச் சின்னதா. போகும்போது பக்கத்துல ஒரு கிளினிக் திறந்திருந்துச்சு, வலிக்கு ஊசி போட்டு அனுப்பினாங்க. எக்ஸ்ரே இல்லை, நாமக்கல்லே போயிருங்கன்னாங்க. கிளம்பும்போது பக்கத்து மருந்துக்கடையில அமாக்சிசிலின் சிரப் ஒண்ணு கையில குடுத்தாங்க, சீழ் பிடிக்காம இருக்க ஒரு மில்லி வாயில ஊத்துங்கன்னு. ஊத்தலாமா?

—

கால்நடைக் கல்லூரி மாணவி எழுதியது:

ஊத்தாதீர்கள். ஒரு சொட்டுகூட. தயவுசெய்து பாட்டிலை முயல் மருந்தோடு சேர்த்து வைக்காதீர்கள், அவசரத்தில் வீட்டில் வேறு யாராவது கொடுத்துவிடுவார்கள்.

காரணம் சொல்கிறேன். முயலுக்குப் புல்லைச் செரிப்பது பெருங்குடல் தொடக்கத்தில் இருக்கும் பெரிய பை. அதற்குள் கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியா நொதிக்க வைத்துக்கொண்டே இருக்கின்றன. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், லின்கோமைசின், கிளிண்டாமைசின் போன்றவை வாய்வழியாகப் போனால் அந்த நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா பெருகி நஞ்சை விடும். சில நாளில் தண்ணியாகப் பேதி, அதோடு உயிர் போகும். குழந்தைக்கு நாம் சாதாரணமாகக் கொடுக்கும் மருந்து என்பதால்தான் இது இவ்வளவு ஆபத்து, யாருக்கும் சந்தேகமே வராது.

மூடிய முறிவுக்கு ஆன்டிபயாடிக் தேவையா என்பதையே மருத்துவர்தான் முடிவு செய்வார். தேவைப்பட்டால் என்ரோஃப்ளாக்சசின், சல்ஃபா வகை போன்றவை முயல் தாங்கும். ஊசியாகப் போடும் பென்சிலின் கணக்கு வேறு, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

இதோடு சேர்த்து: நாய் உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயும் முயலுக்கு ஆகாது. காயத்தில் டெட்டால் வேண்டாம், நக்கிவிடும். நார்மல் சலைன் (மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புக் கரைசல்) போதும்.

—

காவிரிக்கரை எழுதியது:

பாட்டிலைத் திருப்பிக் குடுத்துட்டேன். நாமக்கல்ல எக்ஸ்ரே எடுத்தாச்சு. கெண்டைக்கால் எலும்பு நடுவுல முறிஞ்சிருக்கு, தோல் கிழியலை, துண்டு துண்டா நொறுங்கலை. கம்பி வச்சு அறுவைச் சிகிச்சை செய்யறது ஒரு வழி, கட்டுப் போட்டுப் பார்க்கறது ஒரு வழின்னு ரெண்டையும் சொன்னாங்க. குட்டி வயசு, எலும்பு ரொம்ப விலகலைங்கறதால முதல்ல கட்டு, நிக்கலைன்னா கம்பின்னு முடிவு. லேசா மயக்கம் குடுத்து நேராக்கி, பஞ்சு சுத்தி, பக்கவாட்டுல வளைச்ச பட்டை வச்சு, முட்டிக்கு மேல வரைக்கும் கட்டியிருக்காங்க. நடுவிரல் நகம் ரெண்டு மட்டும் வெளியே தெரியற மாதிரி விட்டிருக்காங்க.

மயக்கம் தெளிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு. ஆனா இப்போ மறுபடியும் சாப்பிடலை. மெலாக்சிகம் குடுத்தாச்சு. எவ்வளவு நேரம் பார்க்கலாம்?

—

முயலம்மா எழுதியது:

வந்ததுல இருந்து எதுவுமே தின்னலைன்னா ராத்திரி வரைக்கும் காத்திருக்காதீங்க, இப்பவே கையால ஊட்டுங்க. 12 மணி நேரம் முயல் வாய் அசைக்கலைன்னா அது அவசரம், அதுக்கு மேல போக விடக்கூடாது. வயிறு பறை மாதிரி கெட்டியா உப்பியிருந்தா மட்டும் ஊட்டாதீங்க, நேரா டாக்டர்கிட்ட.

நீங்க குடுக்கற பெல்லட்டை (முயலுக்கான குச்சித் தீவனம்) வெந்நீர்ல ஊற வச்சு, மிக்சியில அரைச்சு, வடிகட்டி, ஆறினதும் ஊசி இல்லாத சிரிஞ்சுல எடுங்க. திப்பி அடைச்சா சிரிஞ்சு முனையைக் கொஞ்சம் வெட்டி நெருப்புல வாட்டி மழுங்க வைங்க. ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 மில்லி, பகல்ல நாலு வேளை. பொரியைத் துண்டுல சுத்தி, கட்டுக்கால் நீட்டின மாதிரி உங்க மடியில தரையில உக்காந்து வச்சுக்குங்க. நாற்காலியில உக்காராதீங்க, துள்ளினா விழுந்துரும்.

முன்பல்லுக்குப் பின்னால கடைவாய்ப் பல்லுக்கு முன்னால பல்லில்லாத இடம் இருக்கும். உதட்டோரத்துல சிரிஞ்சை அந்தச் சந்துல நுழைச்சு ஒரு மில்லிக்குக் குறைவா விடுங்க. மென்னு முழுங்கற வரைக்கும் நிறுத்துங்க. தாடை அசையறது கண்ணுக்குத் தெரியும். தலையை நிமிர்த்திப் பிடிக்கக்கூடாது, மல்லாத்தவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். முதல் ரெண்டு மில்லி துப்பும், தலையை ஆட்டும், பரவாயில்லை. அதுக்கப்புறம் ருசி பிடிச்சு அதுவா மெல்லும் பாருங்க.

கூண்டுக்குள்ள திரும்ப விடாதீங்க. படுக்கை அறையில ஒரு மூலையைத் தடுத்து, சின்ன இடம், தரை வழுக்காம. கிண்ணமும் புல்லும் தலைக்கு நேரா. தாவி ஏற எதுவும் இருக்கக்கூடாது.

—

நல்லூரான் (யாழ்ப்பாணம்) எழுதியது:

இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். என்ர முயல்குட்டி ஒண்டு, மூண்டு கிழமை வயசு, பின்னங்கால் ரெண்டும் பக்கத்துக்கு விரிஞ்சு கிடக்குது. விழவுமில்லை, அடிபடவுமில்லை. இதுவும் முறிவோ?

—

கால்நடைக் கல்லூரி மாணவி எழுதியது:

அடிபடாமல் குட்டியிலேயே கால் விரிந்து போவது முறிவு இல்லை, பெரும்பாலும் வளர்ச்சிக் கோளாறு. வழுக்கும் தரையில், செய்தித்தாள் மேல் வளரும் குட்டிக்கு இது கூடும். சிலதுக்குப் பிறவியிலேயே வரும். முதலில் தரையை மாற்றுங்கள், சணல் சாக்கு அல்லது துவாய் போல நகம் பிடிக்கும் தரை வேண்டும். இந்த வயதில் என்றால் இரண்டு கால்களையும் இயல்பான அகலத்தில் மென்மையான பட்டையால் இணைத்து வைத்தால் பல குட்டிகள் திருந்தும். அதை ஒரு மருத்துவர் முதல்முறை போட்டுக் காட்டட்டும், குட்டி வேகமாக வளரும், பட்டையை அடிக்கடி தளர்த்த வேண்டும். தாயிடம் பால் குடிக்க எட்டுகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பெரிய முயலுக்கு அடிபடாமலே திடீரென்று பின்னங்கால் தளர்ந்தாலோ, தலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ அது வேறு கதை. மூளையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் ஒரு நுண்ணுயிரித் தொற்று முயலுக்கு வருவதுண்டு. அதற்கு மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால்.

—

வண்டிப்பாதை எழுதியது:

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். எங்கள் ஊர் ரோட்டோரம் கால் அடிபட்ட காட்டுமுயல் ஒன்று கிடந்தது. வீட்டில் வைத்திருக்கிறேன். இதே வைத்தியம் பார்க்கலாமா?

—

தோட்டத்துக்காரர் எழுதியது:

காட்டுமுயலை வீட்ல வைக்காதீங்க, ஐயா. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல அது பாதுகாக்கப்பட்ட பிராணி. வனத்துறைக்குப் போன் பண்ணுங்க, வந்து எடுத்துக்குவாங்க. அதுவரைக்கும் இருட்டுப் பெட்டியில வச்சு மூடுங்க, தொடாதீங்க, பக்கத்துல நாயை விடாதீங்க. வீட்டு முயலும் அதுவும் வேற வேற இனம், மனுசக் கை பட்டாலே பயத்துல உயிர் போயிரும்.

—

காவிரிக்கரை எழுதியது:

அக்கா சொன்ன மாதிரியே ஊட்டினோம். முதல் நாள் பூரா துப்பிச்சு. மறுநாள் சிரிஞ்சைப் பார்த்ததும் கழுத்தை நீட்ட ஆரம்பிச்சிருச்சு. தோட்டத்துக்காரர் அண்ணா சொன்ன மல்பெரி இலை இங்க கோபி பக்கம் தெரிஞ்சவங்க தோட்டத்துல கிடைச்சுது, காம்பைப் பிடிச்சுக்கிட்டு நீட்டினா ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் நறுக் நறுக்குன்னு தின்னுட்டுத்தான் நிறுத்துது. புழுக்கை பழைய அளவுக்கு வந்திருச்சு.

இப்போ ரெண்டு பிரச்சனை. ஒண்ணு, பிட்டத்துக்கடியில பிசுபிசுன்னு திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கிடக்கு, பேதியா? ரெண்டு, கட்டைக் கடிக்குது. பிளாஸ்டிக் கழுத்துப்பட்டை போட்டுவிடச் சொல்றாங்க.

—

முயலம்மா எழுதியது:

அது பேதி இல்லை தம்பி. முயல் நேரடியா வாயால எடுத்துத் திரும்பத் திங்கற மெத்துப் புழுக்கை அது. சத்தெல்லாம் அதுலதான் இருக்கு. கட்டுக்காலோட குனிஞ்சு எடுக்க முடியலை, அதனால ஒட்டிக்கிடக்கு. நீங்களே எடுத்துக் கிண்ணத்துல வச்சுக் காட்டுங்க, சிலது தின்னும். தின்னலைன்னா விடுங்க. ஆனா பிட்டத்தைக் காலையும் சாயங்காலமும் வெதுவெதுப்பான தண்ணி தொட்ட துணியால துடைச்சு, நல்லா ஈரம் போக ஒத்தி எடுங்க. முழுசாக் குளிப்பாட்டாதீங்க.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, ஐப்பசி மழைக்கு ஈ ஜாஸ்தி. ஈரமும் மலமும் ஒட்டின ரோமத்துல ஈ முட்டை வச்சா ஒரே நாள்ல புழு வெச்சிரும், உயிரோட சதையைத் தின்னும். கால் கூடிக்கிட்டு வந்த நேரத்துல புழு வெச்சுப் போன முயலை நான் கண்ணால பார்த்திருக்கேன், அது மனசை விட்டுப் போகலை. படுக்குற இடத்துக்குக் கொசுவலை கட்டுங்க. ரோமத்தை விலக்கித் தோல் வரைக்கும் பாருங்க, வால் அடியில முக்கியமா. வெள்ளையா அரிசிக்குருணை அளவுக்கு எதைக் கண்டாலும் உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க.

கழுத்துப்பட்டை போட்டா மெத்துப் புழுக்கையை எடுக்கவே முடியாது, சாப்பாடும் குறையும், மன உளைச்சல் வேற. முதல்ல கட்டு மேல ஒரு பழைய காட்டன் சாக்ஸை மாட்டி, ஒட்டுத்துணியால லேசா நிறுத்திப் பாருங்க. கடிக்கறதுக்கு முருங்கைக் குச்சி, மல்பெரிக் குச்சி பக்கத்துல போடுங்க. திடீர்னு ஒரே இடத்தைக் கடிச்சா அங்க வலிக்குதுன்னு அர்த்தம். வெளியே தெரியற ரெண்டு விரலைத் தொட்டுப் பாருங்க: மறுகால் விரல் சூட்டுக்கு இருக்கணும். வீங்கினாலோ, சில்லுன்னு இருந்தாலோ, நாத்தம் அடிச்சாலோ, கட்டு நனைஞ்சாலோ அன்னைக்கே பிரிக்கச் சொல்லுங்க. அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க.

—

கால்நடைக் கல்லூரி மாணவி எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒன்று. பொரிக்குக் கூட்டாளி முயல் இருந்தால் முழுதாகப் பிரித்து வேறு அறையில் வைக்காதீர்கள். வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், மூக்கு தொடும் தூரத்தில் வையுங்கள். தனியாக இருக்கும் முயல் சாப்பாட்டைக் குறைக்கும். பல நாள் வாசனை மறந்து பிறகு சேர்த்தால் சண்டை போட்டுக் காலை மறுபடி கெடுத்துக்கொள்ளும்.

—

காவிரிக்கரை எழுதியது:

கூட்டாளி இல்லீங்க, ஒத்தைதான். என் பொண்ணு பக்கத்துல பாய் போட்டு வீட்டுப்பாடம் எழுதறா, அதுவே போதும் போல.

நடுவுல கட்டு ஒரு தடவை நழுவிக் குதிகாலுக்கு வந்திருச்சு. விரல் வீங்கியிருந்துச்சு. இங்க படிச்சிருந்ததால அன்னைக்கே கொண்டு போனோம். உள்ள தோல் லேசாச் சிவந்திருந்துச்சு, புண் ஆகலை. பஞ்சை மாத்தி மறுபடி கட்டினாங்க. தாமதிச்சிருந்தா பாதம் போயிருக்கும்னு சொன்னாங்க.

—

பாலாற்றங்கரை எழுதியது:

தொடர்ந்து படிச்சுக்கிட்டு வர்றேன். கட்டு நழுவும்னு முயலம்மா முன்னாடியே சொன்னது அப்படியே நடந்திருக்கு. ஒரு கேள்வி. ஒருவேளை கூடலைன்னா? காலை எடுத்துட்டா முயல் வாழுமா?

—

முயலம்மா எழுதியது:

வாழும் சார். என் வீட்டு வெள்ளச்சிக்கு இடது பின்னங்கால் தொடையோட எடுத்தாச்சு, நாய் கடிச்சது. திரும்பும்போது மட்டும் கொஞ்சம் சாயும், ஓடறதுல குறை இல்லை. எடுத்த பக்கத்துக் காதைச் சொறிய முடியாது, அதனால நான் சொறிஞ்சு அழுக்கெடுத்து விடறேன். எடை ஏற விடக்கூடாது, மிச்சக் காலே எல்லாத்தையும் தாங்கணும். காலைக் காப்பாத்தறேன்னு மாசக்கணக்கா வலியில வைக்கறதை விட எடுத்துடறது சில சமயம் முயலுக்குப் பெரிய விடுதலை. அப்படி ஒரு நிலைமை வந்தா யாரும் அதைத் தோல்வின்னு நினைக்காதீங்க.

—

காவிரிக்கரை எழுதியது:

இன்னைக்கு மறுபடி எக்ஸ்ரே. முறிஞ்ச இடத்தைச் சுத்தி வெள்ளையாப் புது எலும்பு முடிச்சுப் போட்டிருக்கு, டாக்டர் விரலை வச்சுக் காட்டினார். குட்டி முயலுக்கு மூணு நாலு வாரத்துலயே இப்படிக் கூடிரும்னார். கட்டைப் பிரிச்சாச்சு. கால் மெலிஞ்சு குச்சியா இருக்கு, ரோமம் எல்லாம் அமுங்கி ஒரு பக்கமா ஒட்டியிருக்கு. ஊன்றும்போது பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்புது, அதனால நடை கெடாதுன்னாங்க. இன்னும் ரெண்டு வாரம் தடுப்புக்குள்ளயே வைக்கணும், குதிக்க விடக்கூடாது.

அதுக்கப்புறம் எங்க விடறதுன்னுதான் கேக்கறேன். பழைய கம்பிக் கூண்டு மறுபடி வேண்டாம்னு வீட்ல எல்லாரும் சொல்லிட்டாங்க. எங்க வீடு டைல்ஸ் தரை. இன்னொண்ணு, இத்தனை நாள் எல்லா எடையையும் தாங்கின இடது குதிகால்ல ரோமம் உதிர்ந்து தோல் தெரியுது. சிவப்பு இல்லை.

—

தோட்டத்துக்காரர் எழுதியது:

பண்ணையில சுத்தத்துக்காகக் கம்பித் தளம் போடறோம், அதுலயும் உக்கார ஒரு பலகை வச்சிருப்போம். வீட்டுக்கு எதுக்குக் கம்பி? டைல்ஸ் மேல கோரைப்பாய் போட்டா தின்னுரும், தின்னாலும் கெடுதல் இல்லை, மாத்திக்கிட்டே இருக்கணும். சணல் சாக்கை ரெண்டு மடிப்பாத் தைச்சுப் போடுங்க, துவைச்சு வெயில்ல காயப் போட வசதி. தேங்காய் நார் மிதியடி வேண்டாம், குதிகாலைக் குத்தும்.

—

கால்நடைக் கல்லூரி மாணவி எழுதியது:

குதிகாலில் ரோமம் உதிர்ந்து தோல் வெளிறிய நிறத்தில் உலர்ந்திருந்தால் இப்போதைக்கு மெத்தென்ற தரையும் உலர்ந்த படுக்கையும் போதும். களிம்பு எதுவும் வேண்டாம், நக்கும், ரோமமும் ஒட்டும். சிவந்தாலோ, தடித்தாலோ, வெடித்தாலோ குதிகால் புண்ணின் தொடக்கம், அது எலும்பு வரை இறங்கும், விடக்கூடாது. தினமும் வெளிச்சத்தில் ஒரே கோணத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள், மாற்றம் தெரியும்.

நகத்தையும் பாருங்கள். இவ்வளவு நாள் நடக்காததால் நீண்டிருக்கும். நீண்ட நகம் விரலை மேலே தூக்கி எடையைக் குதிகாலில் தள்ளும், சாக்கிலும் மாட்டும். நகத்துக்குள் சிவப்பாகத் தெரியும் ரத்தக்குழாய்க்கு முன்னாலேயே வெட்டுங்கள். கொஞ்சம் ரத்தம் வந்தால் சோளமாவு வைத்து அழுத்தினால் நிற்கும். பழக்கமில்லை என்றால் அடுத்த முறை நாமக்கல் போகும்போது வெட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

—

காவிரிக்கரை எழுதியது:

சாக்கு ரெண்டு துவைச்சுக் காயப் போட்டாச்சு. நகம் நாளைக்கு. குதிகால் படத்தை ஞாயித்துக்கிழமை இங்க போடறேன், பார்த்துச் சொல்லுங்க.